பழைய கணினியும் பயன் தரும்



வீட்டுக் கணினி பழையதாகிவிட்டதே, பிள்ளையின் படிப்புக்காகக் கடன்பட்டாவது புதியது வாங்க வேண்டுமா என்று பெற்றோர் பலர் கேட்கின்றனர். சற்றுப் பொறுத்து ஆராய்வோம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிந்தது. விண்டோஸ் 11 பழைய சில்லுகள் பலவற்றை ஏற்பதில்லை. அதனால் அந்தச் சில்லுகள் பழுதாகிவிட்டன என்று பொருளல்ல. 1991இல் தோன்றிய லினக்ஸை இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். பாதுகாப்புத் திருத்தங்களும் கிடைக்கும். சுழலும் வன்தட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. பொருத்தினால் வேகம் கூடும். அதற்குமுன் படங்களையும் பாடங்களையும் வேறிடத்தில் படியெடுத்து வைப்போம். பள்ளிக்குத் தேவையான மென்பொருள் லினக்ஸில் இயங்குமா என்றும் பார்த்துக்கொள்வோம்.

புதிய கருவிகளைப் பற்றியும் அறிந்துகொள்வோம். தேவை வரும்போது வாங்குவோம். பால் வெட்டும் உளி மழுங்கினால் தீட்டுகிறோமே தவிர, எறிந்துவிடுவதில்லை அல்லவா?