நல்ல தண்ணியும் ஒரு பிடி கிளிஞ்சலும்

கோயம்புத்தூரில் வீடு வீடாகப் போய் மீன் தொட்டிகளைப் பராமரித்துக் கொடுப்பது என் தொழில். எந்த வீட்டுக்குப் போனாலும் தவறாமல் காதில் விழும் ஒரு கேள்வி உண்டு: “மீனுக்கு நல்ல தண்ணிதானுங்க ஊத்தறேன், அப்புறம் ஏனுங்க சாகுது?”

எங்கள் ஊரில் நல்ல தண்ணி என்றால் சிறுவாணி. இல்லாவிட்டால் கடையில் வாங்கும் 20 லிட்டர் கேன். போர் தண்ணீர் உப்புத் தண்ணி. அது துணி துவைக்க, வாசல் தெளிக்க. பாசமாக வளர்க்கிற மீனுக்கு அதை ஊற்ற யாருக்கும் மனசு வருவதில்லை. ஆனால் கப்பி, மோலி, பிளாட்டி, கோல்டு ஃபிஷ் என்று நம் வீடுகளில் இருக்கிற மீன்களில் பாதிக்கு மேல் கொஞ்சம் கடினமான தண்ணீரில் தெம்பாக இருக்கிற ஜாதி. நாக்குக்கு ருசியான தண்ணீர் அவற்றுக்குப் போதாது.

என்ன போதாது என்று சொல்கிறேன். தொட்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் பி.ஹெச். என்ற எண்ணைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் இருந்த சோரன்சன் 1909-இல் கொண்டுவந்த அளவு அது. 7 என்றால் நடுநிலை, கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். ஒரு எண் குறைந்தால் அமிலம் பத்து மடங்கு கூடிவிட்டது என்று அர்த்தம். இந்த எண்ணைத்தான் எல்லோரும் துரத்துகிறார்கள். நான் போனதும் முதலில் பார்ப்பது இன்னொன்றை: கே.ஹெச். தண்ணீரில் பைகார்பனேட்டும் கார்பனேட்டும் எவ்வளவு கரைந்திருக்கின்றன என்ற கணக்கு அது. தொட்டிக்குள் உண்டாகிற அமிலத்தை ஏற்றுக்கொண்டு பி.ஹெச். சரியாமல் பிடித்து வைப்பது இதுதான். ஒரு டிகிரி கே.ஹெச். என்றால் லிட்டருக்குச் சுமார் 18 மில்லிகிராம், கால்சியம் கார்பனேட் கணக்கில்.

தொட்டிக்குள் அமிலம் எங்கிருந்து வருகிறது? நீங்கள் போடுகிற தீனியிலிருந்துதான். மீன் கழிவில் அம்மோனியா வரும். ஃபில்டர் பஞ்சில் குடியிருக்கிற பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கும். இந்த வேலை நடக்கும்போது அமிலம் பிறக்கிறது. 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் மாறுவதற்கு 7 மில்லிகிராமுக்கு மேல் கார்பனேட் செலவாகிறது, அதே கால்சியம் கார்பனேட் கணக்கில். கேன் தண்ணீரில் அந்தக் கையிருப்பு ஏறக்குறைய இல்லவே இல்லை. சிறுவாணியிலும் குறைச்சல்தான்.

ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் வீட்டில் மூன்றடித் தொட்டி. கோல்டு ஃபிஷ். கண்ணாடியில் ஒரு கறை கிடையாது, தண்ணீர் பளிங்கு. ஆவியாகிக் குறைகிற அளவுக்கு மட்டும் கேன் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்திருக்கிறார். மாதக்கணக்கில் ஒரு பிரச்சினையும் இல்லை. திடீரென்று மீன்கள் துடுப்பை மடக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டன. கே.ஹெச். சோதனை எப்படி என்றால், ஒரு சின்னக் குழாயில் 5 மில்லி தண்ணீர் எடுத்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதலில் நீலமாகும், எத்தனையாவது சொட்டில் மஞ்சளாகிறதோ அத்தனை டிகிரி. அவர் தொட்டியில் நீலமே வரவில்லை. முதல் சொட்டே மஞ்சள். பி.ஹெச். பார்த்தால் அட்டையில் இருக்கிற கடைசி நிறம், 6. அதற்குக் கீழே அளக்க அந்த அட்டையில் இடமில்லை.

அவர் அதற்குள் கடையில் பி.ஹெச். ஏற்றும் திரவம் ஒரு பாட்டில் வாங்கி ஊற்றியும் பார்த்துவிட்டார். சாயங்காலம் ஏறியிருக்கிறது, விடிந்தால் பழையபடி 6. பிடித்து வைக்க ஒன்றும் இல்லாத தண்ணீரில் அப்படித்தான் ஆகும். “ஊத்தின அன்னிக்கு ராத்திரிதான் ரெண்டு மீன் செத்துச்சு” என்றார். இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள் நேயர்களே. பி.ஹெச். 6-க்கு வந்தால் அந்த பாக்டீரியா வேலையை ஏறக்குறைய நிறுத்திவிடும். அம்மோனியா சேரும். ஆனால் அமிலத் தண்ணீரில் அது அம்மோனியம் என்ற வடிவில் இருப்பதால் மீனை அவ்வளவாகத் தாக்காது. 7-இல் கூட மொத்தத்தில் நூற்றில் அரைப் பங்குதான் விஷ வடிவம். அதே தண்ணீரை ஒரே இரவில் 8-க்கு ஏற்றினால் அது நூற்றில் ஐந்து பங்கைத் தாண்டிவிடும், ஏறக்குறைய பத்து மடங்கு. கெட்டுப்போன தொட்டியைச் சட்டென்று சரிசெய்யப் போகிறவர்கள் மீனைக் கொல்வது இப்படித்தான்.

அதனால் பழைய தொட்டியில் எதையும் கொட்டுவதற்கு முன்னால் அம்மோனியா அளவைப் பாருங்கள். இருந்தால் தீனியைக் குறைத்து, தினமும் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றி, அதைக் கீழே கொண்டுவந்துவிட்டு ஏற்றத் தொடங்குங்கள். பி.ஹெச். ஒரு நாளைக்கு 0.2, மிஞ்சினால் 0.3-க்கு மேல் ஏறக் கூடாது.

அந்த அதிகாரி வீட்டில் மருந்து வாசலிலேயே இருந்தது. உப்புத் தண்ணிக் குழாய். போர் தண்ணீரில் கே.ஹெச். 16, சிறுவாணியில் 2 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பங்கு போர், மூன்று பங்கு சிறுவாணி கலந்தால் ஐந்தரை டிகிரி. பொதுவான மீன்களுக்கு 4-லிருந்து 8 வரை இருந்தால் போதும். பைசா செலவில்லை. உங்கள் வீட்டுக் கணக்கு வேறாக இருக்கும், இரண்டையும் சோதித்துவிட்டுக் கலக்குங்கள். ஒன்று மட்டும்: போரிலிருந்து அப்போதுதான் பிடித்த தண்ணீரில் கரியமில வாயு நிறைய இருக்கும், பி.ஹெச். குறைவாகக் காட்டும். ஒரு ராத்திரி பக்கெட்டில் ஏர் பம்ப் போட்டு வைத்துவிட்டு அளந்தால்தான் உண்மையான எண் தெரியும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அதற்கான மருந்தையும் மறக்க வேண்டாம்.

போர் வசதி இல்லாத அபார்ட்மென்ட் வாசிகளுக்கு அடுக்களையில் இருக்கிற ஆப்பசோடா. 100 லிட்டருக்கு 3 கிராம் போட்டால் ஒரு டிகிரி ஏறும். இரண்டடிக்கு ஓரடிக்கு ஓரடித் தொட்டியில் கல், மணல் போக சுமார் 50 லிட்டர் நிற்கும். அதற்கு ஒன்றரை கிராம், கால் டீஸ்பூனுக்குச் சற்று மேல். ஒரு மக் தொட்டித் தண்ணீரில் கரைத்து, காலையில், மெதுவாக ஊற்றுங்கள். ஒரு நாளைக்கு ஒரு டிகிரிதான் உச்சம், பி.ஹெச். 0.3-க்கு மேல் ஏறினால் அதையும் குறையுங்கள். கேக்குக்குப் போடுகிற பேக்கிங் பவுடர் வேறு, சலவை சோடா வேறு. இரண்டும் தொட்டிப் பக்கமே வரக் கூடாது.

ஆப்பசோடாவில் எனக்கு ஒரு குறை. அது தீர்ந்துபோனால் தீர்ந்ததுதான், மறுபடி நீங்கள்தான் போட வேண்டும். எனக்குப் பிடித்தது கிளிஞ்சல். நேரம் ஓடுகிறது என்று வானொலி நிலையத்தார் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஜாடை காட்டுகிறார்கள், ஆனாலும் இதைச் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டேன்.

கிளிஞ்சல் என்பது கால்சியம் கார்பனேட். வெறும் தண்ணீரில் லேசில் கரையாது. தண்ணீரில் கரியமில வாயு கூடி அமிலம் ஏறினால் கரைந்து பைகார்பனேட்டாகிறது. பி.ஹெச். 8-ஐ நெருங்கினால் கரைவது தானாக அடங்கிவிடுகிறது. ராத்திரியில் செடியும் மீனும் மூச்சுவிட்டு வாயு கூடுகிற நேரத்தில் கொஞ்சம் அதிகமாகக் கரையும், பகலில் ஓய்ந்து கிடக்கும். தேவைக்கு மேல் ஒரு துளி தராது. இப்படி ஒரு வேலையாள் எனக்கு அமைந்ததில்லை. கோழித் தீவனக் கடைக்குப் போனால் கிலோக் கணக்கில் கிடைக்கும். நாமக்கல்லில் முட்டைக் கோழிகளுக்குத் தீனியில் கலப்பதுதான் அது. மருந்து, விட்டமின் எதுவும் கலக்காத வெறும் ஓடாகப் பார்த்து வாங்குங்கள். மண் போகக் கழுவி, கொதிக்க வைத்து, ஒரு துண்டின் மேல் நாலு சொட்டு வினிகர் விட்டால் நுரைக்கும். நுரைத்தால் அசல். இரண்டடித் தொட்டிக்கு ஒரு பிடியைக் கொசுவலைத் துணியில் முடிந்து, ஃபில்டரில் தண்ணீர் ஓடுகிற வழியில் வைக்க வேண்டும். தரையில் சும்மா கிடந்தால் அவ்வளவு பயன் இல்லை.

மாதங்கள் கழித்து அந்த முடிச்சை அவிழ்த்துப் பார்க்க எனக்கு ஆசை. ஓரம் தாள் மாதிரி மெலிந்திருக்கும். மேலே இருந்த வரிகள் மழுங்கி, தேய்த்தால் விரலில் மாவு ஒட்டும். அதிகாரி வீட்டில் வைத்த முடிச்சு இப்போது பாதியாகிவிட்டது; சொட்டு எண்ணினால் நீலம் ஐந்தாவது சொட்டு வரை நிற்கிறது. வழுவழுவென்று பாசி படிந்தால் மட்டும் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் அலசிவிடுங்கள், குழாயில் வேண்டாம்.

பவளம் போடலாமா என்று கேட்பார்கள். நம் நாட்டில் பவளப் பாறை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் பட்டியலில் இருக்கிறது. கடற்கரையில் கிடந்தாலும் எடுத்து வராதீர்கள். கிளிஞ்சல் அதே வேலையைச் செய்யும்.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு வீட்டில், நான் முடிச்சுப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த பாட்டி கேட்டார்: “ஏங்கண்ணு, கிளிஞ்சலைச் சுட்டாத் தானே சுண்ணாம்பு? வெத்தலைக்குப் போடறதுல இத்தினியூண்டு கரைச்சு ஊத்துனா ஆகாதா?” கேள்வி சரியான கேள்வி. ஆனால் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு வேறு சரக்கு. அதன் தெளிந்த நீரின் பி.ஹெச். 12-க்கு மேல். விரல் நுனியளவு கூடச் சின்னத் தொட்டியைத் தூக்கிவிடும். “அப்ப எனக்கு வெத்தலைக்கே இருக்கட்டும்” என்று டப்பாவை மூடி இடுப்பில் செருகிக்கொண்டார்.

நியான், டிஸ்கஸ் வளர்ப்பவர்கள் இவ்வளவு ஏற்ற வேண்டாம். இரண்டு மூன்று டிகிரி இருந்து ஆடாமல் நின்றால் போதும். பாதாம் இலை, மரக்கட்டை போடுகிறவர்கள் கே.ஹெச்.-ஐ அடிக்கடி பாருங்கள். வாராவாரம் பத்தில் ஒன்றோ இரண்டோ பங்கு தண்ணீர் மாற்றுங்கள், உள்ளே இருக்கிற அளவுக்கே புதுத் தண்ணீரையும் தயார் செய்துவிட்டு ஊற்றுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்களில் நாலு பேராவது பி.ஹெச். அட்டையை ஓரமாக வைத்துவிட்டுச் சொட்டு எண்ணிப் பார்ப்பீர்கள் என்று நம்புகிறேன்.