பாலத்துக்கு அப்பால்



நாம் படித்த காலத்தில் பூநகரி என்பது படத்தில் ஒரு பெயர் மட்டுமே. கிளாலிக் கடலை இரவில் வள்ளத்தில் கடந்தவர்கள்தான் அந்தப் பக்கத்தைக் கண்டிருந்தார்கள்.

சென்ற மாசியில் நாங்கள் இருவரும் பழைய வானின் பின்னிருக்கைகளைக் கழற்றி, மெத்தை விரித்து, அடுப்பும் ஏற்றிக்கொண்டு மன்னார் வரை போய்வந்தோம். 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலம் 288 மீற்றர்தான். அரை நிமிடத்தில் கடந்துவிடலாம். அப்பால் வெட்டவெளி. கிடுகுவேலிக்குள் வளர்ந்த எங்களுக்குக் கண் கூசியது. மொட்டைக்கறுப்பன் அரிந்த வயல், பற்றை, மாடுகள். நெடுந்தூரம் ஆளைக் காணோம்.

முழங்காவிலில் மரநிழலில் வானை நிறுத்தினோம். "வானுக்குள்ளை ஏன் பிள்ளையள் படுக்கிறியள்? உள்ளுக்கு வாங்கோ" என்றா ஓர் அம்மா. பாலம் இல்லாத நாளில் மகளைப் பிரசவ வலியோடு கிளிநொச்சி, ஆனையிறவு சுற்றி யாழ்ப்பாணம் கொண்டுவந்த கதையை விடியும்வரை சொன்னா. பிள்ளை தப்பவில்லை. விடுதியில் நாம் "பிந்தி வந்தவர்" என்று எழுதும் இரண்டு சொல்லுக்குள் அவ்வளவு தூரம் இருக்கிறது.

நூற்றாண்டுக்கு வந்திருக்கும் வெளிநாட்டுத் தோழிகளே, மெத்தையை நாங்கள் இன்னும் கழற்றவில்லை, வானைக் கொண்டுபோங்கள். குடிதண்ணீரை மட்டும் இங்கேயே நிறைத்துக்கொள்ளுங்கள். அங்கே பல கிணறுகள் உவர்.