கைமுதலைத் தின்ற கணக்கு

(வியாசர்பாடியில் சாலையோர வியாபாரம் செய்யும் தாய்மார்களும் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது. பேச்சின் நடை பெரிதும் மாற்றப்படவில்லை.)



தோழர்கள் எனக்குக் கொடுத்த தலைப்பு 'பெருந்தொற்றுக் காலத்தில் சிறுவணிகமும் மாநகராட்சியும்'. தலைப்பைக் கேட்டதும் வீட்டுக்குப் போய் எங்கம்மாகிட்ட, "நீ ஒரு சிறுவணிகர், தெரியுமா?"ன்னு கேட்டேன். "நான் கடை போடறவ. வணிகர் யாருடா?"ன்னுச்சு. அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குறேன்.

2020 மே 13ஆம் தேதி மத்திய அரசு குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு மூன்று லட்சம் கோடி ரூபாய் அளவுக்கு அரசு உத்தரவாதத்தோடு கடன் என்று அறிவித்தது. அதே ஆண்டு ஜூலை 1 முதல் 'குறுந்தொழில்' என்பதற்குப் புது இலக்கணம் நடைமுறைக்கு வந்தது. அன்றைய கணக்குப்படி எந்திரத்தில் போட்ட முதல் ஒரு கோடி வரைக்கும், ஆண்டு விற்றுமுதல் ஐந்து கோடி வரைக்கும் இருந்தால் குறுந்தொழில் என்றார்கள். இருப்பதிலேயே சின்னது அதுதான். எங்கம்மாவின் எந்திரம் என்ன? ஒரு தள்ளுவண்டி, ஒரு இரும்புச் சட்டி, ஒரு கேஸ் அடுப்பு, ரெண்டு பிளாஸ்டிக் ஸ்டூல். சாயங்காலம் அஞ்சு மணிக்கு பீஃப் ஃபிரை போடும். கறி அஞ்சு கிலோ, எண்ணெய், மசாலா, வெங்காயம், கேஸ் எல்லாம் சேர்த்து 2,500 ரூபாய்க்குள் அடங்கும். ராத்திரி பத்து மணிக்கு எண்ணிப் பார்த்தால் 3,100 இருக்கும், நல்ல நாளில் 3,200. கூட இருக்கிற அறுநூறில் வீடு ஓடணும். அடியில் இருக்கிற 2,500ஐத் தொடக்கூடாது. அதுதான் கைமுதல். அதைத் தனியா ஒரு சுருக்குப்பையில் வைத்திருக்கும். எங்களுக்கு அடிபட்டாலும் காய்ச்சல் வந்தாலும் அந்தப் பையில் கை வைத்து நான் பார்த்ததில்லை.

2020 மார்ச் 24, சாயங்காலம் ஆறு மணி. தமிழ்நாட்டில் 144 போட்டார்கள். மறுநாளிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. ஏப்ரல் பாதிக்குள் சுருக்குப்பை காலி. கைமுதலைத் தின்னுட்டோம், தோழர்களே. இங்கே உட்கார்ந்திருக்கிற பாதிப்பேர் அதைத்தான் செய்தீர்கள். விதைநெல்லைத் தின்ற குடும்பம் என்று கிராமத்தில் சொல்வார்களே, அதைப் பட்டணத்தில் நாங்கள் செய்தோம்.

அப்போ அரசு ஒன்றுமே செய்யலையா? அப்படிச் சொன்னால் பொய். ஏப்ரலில் அரிசி அட்டைக்கு ஆயிரம் ரூபாய் வந்தது, அரிசியும் பருப்பும் வந்தது. ஜூன் 19 முதல் 30 வரை சென்னையையும் சுற்று மாவட்டங்களையும் மறுபடி இறுக்கமாக மூடியபோது இன்னொரு ஆயிரம். அந்த நாட்களில் அம்மா உணவகத்தில் சோறு இலவசம். 2021இல் இரண்டாவது அலையின்போது அட்டைக்கு 4,000 ரூபாய், ரெண்டு தவணையாக. அந்தச் சோற்றைத் தின்றவன் நான். குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது பசிக்குக் கொடுத்தது. தொழிலுக்குக் கொடுத்தது அல்ல. நான் கேட்பது தொழிலைப் பற்றி.

ஊரடங்குக்கு அரசு கையில் எடுத்த சட்டங்களில் ஒன்று 1897ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்ச் சட்டம். பம்பாயில் பிளேக் பரவியபோது வெள்ளைக்காரன் போட்டது. மொத்தமே நாலு பிரிவு. ஆளைத் தடுக்கலாம், சோதிக்கலாம், மீறினால் தண்டிக்கலாம். மூடச் சொன்ன கடைக்காரன் மறுநாள் எதைத் தின்பான் என்பதற்கு அதில் ஒரு வரி கிடையாது. வெள்ளைக்காரன் எழுதவில்லை, சரி. பிறகு வந்தவர்கள்?

இன்னொரு சட்டமும் இருக்கிறது. இதை நாம் சரியாகப் படிக்கவில்லை. 2014ஆம் ஆண்டு சாலையோர வியாபாரிகள் சட்டம். நடைபாதையில் பிழைப்பது அரசியல் சட்டம் தந்த தொழில் உரிமைக்குள் வருகிறது, ஆனால் அதை ஒழுங்குபடுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 1989லேயே சோதன் சிங் வழக்கில் சொன்னது. அதற்குப் பிறகு இந்தச் சட்டம் வர 25 வருசம் ஆச்சு. அஞ்சு வருசத்துக்கு ஒருமுறை நகரத்தில் உள்ள எல்லா வியாபாரிகளையும் கணக்கெடுக்கணும், கணக்கெடுத்து முடித்துச் சான்றிதழ் கொடுக்கிறவரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது, மக்கள்தொகையில் இரண்டரை விழுக்காடு வரை இடம் கொடுக்கணும் என்று இருக்கிறது. 2011 கணக்குப்படி பழைய சென்னை மாவட்டம் மட்டும் 46 லட்சம் பேர். அதில் இரண்டரை விழுக்காடு போட்டால் ஒரு லட்சத்துக்கு மேலே வருகிறது. நகர விற்பனைக் குழு ஒன்று இருக்கணும். அதில் நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரிய இடம். எல்லாம் எழுத்தில் இருக்கிறது.

எங்கள் தெருவுக்குக் கணக்கெடுக்க ஆள் வந்தார்கள். ஊரடங்குக்கு முந்தி, ஒருநாள் காலை 11 மணிக்கு. எங்கம்மா கடை போடுவது சாயங்காலம் அஞ்சுக்கு. காலையில் அந்த இடத்தில் தள்ளுவண்டி கூட இருக்காது. ஒரு நாய் படுத்திருக்கும். வந்தவர் நாயைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார். தெருமுனையில் மரத்தடியில் எங்கப்பா செருப்பு தைப்பார். ஒரு மரப்பெட்டி, ஒரு கோணி, மேலே கட்டிய ஒரு தார்ப்பாய். அவரைப் பார்த்து "வண்டி எங்கே?"ன்னு கேட்டாராம். வண்டி இல்லை என்றதும் அடுத்த ஆளுக்குப் போய்விட்டார். பொருள் விற்கிறவர் மட்டுமல்ல, தெருவில் உட்கார்ந்து சேவைத்தொழில் செய்கிறவரும் சாலையோர வியாபாரி என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. கணக்கெடுக்க வந்தவருக்கு அதை யாரும் சொல்லி அனுப்பவில்லை. எங்கப்பாவுக்குச் சொல்ல நான் இருந்தேன். நானும் அப்போது படித்திருக்கவில்லை.

இப்படி ஒரு குடும்பத்தில் ரெண்டு கடை விட்டுப்போச்சு. அன்னைக்கு யாருக்கும் அது பெரிசாத் தெரியல. நோய் வந்தபோதுதான் தெரிந்தது, மாநகராட்சி தன் கையில் இருக்கிற பெயர்ப் பட்டியலைப் பார்த்துத்தான் யாருக்கு என்ன என்று பிரிக்கிறது என்று. மாநகராட்சி வணிக வளாகத்தில் கடை வைத்தவர்கள் வாடகைத் தள்ளுபடி கேட்டார்கள். கேட்க அவர்களுக்கு ரசீது இருந்தது. வங்கியில் கடன் வாங்கியவர்களுக்கு ரிசர்வ் வங்கி மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போட வழி செய்தது. வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனாலும் மூச்சுவிட நேரம் கிடைத்தது. எங்களுக்குக் கடன் கொடுத்தவர் தண்டல்காரர். பத்தாயிரம் என்று எழுதி 8,500 கையில் கொடுப்பார். தினம் நூறு ரூபாயாக நூறு நாள் கட்டணும். தண்டலுக்கு ஏது ஒத்திவைப்பு? தெரு திறந்த அன்னைக்கு முதல் வாடிக்கையாளராக வந்து நின்றவர் அவர்தான்.

கோயம்பேட்டைப் பாருங்கள். 2020 மே 5ஆம் தேதி சந்தையை மூடினார்கள். தொற்று அங்கிருந்து பல மாவட்டங்களுக்குப் போனது உண்மை. மூடியது தப்பு என்று சொல்ல மாட்டேன். ஒரு வாரத்துக்குள் பூந்தமல்லி தாண்டி, திருமழிசையில் தற்காலிகச் சந்தை எழுந்தது. மொத்த வியாபாரிகளுக்கு, ஏறக்குறைய 200 கடை. செய்ய நினைத்தால் ஒரு வாரத்தில் ஒரு சந்தையையே கட்ட முடியும் என்று அரசு காட்டியது. சில்லறை வியாபாரிக்கு அங்கே இடம் இல்லை. கோயம்பேடு மறுபடி காய்கறிக்குத் திறந்தது செப்டம்பர் 28. அப்போதும் முதலில் உள்ளே போனது பெரிய கடைகள்தான். இதற்கு நடுவில் ஒரு வேடிக்கை. தெருத்தெருவாகக் காய்கறி விற்கத் தள்ளுவண்டிகளுக்கு மாநகராட்சி அனுமதிச் சீட்டு கொடுத்தது. பிப்ரவரி வரைக்கும் எந்த வண்டியைத் தூக்கிப்போட்டு லாரியில் ஏற்றினார்களோ அதே வண்டி ஏப்ரலில் அத்தியாவசியம் ஆகிவிட்டது. சீட்டு கிடைத்தவர்கள் பிழைத்தார்கள். அதை நான் வரவேற்கிறேன். கத்தரிக்காய் அத்தியாவசியம். செருப்புத் தைக்கிறது அத்தியாவசியம் இல்லை. பீஃப் ஃபிரையைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை.

இதையெல்லாம் வார்டில் யாரிடம் போய்ச் சொல்வது? இதை மறந்துவிடாதீர்கள். 2016 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரை சென்னை மாநகராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர் ஒருத்தரும் கிடையாது. தேர்தலே நடத்தவில்லை. அதிகாரிகளே மன்றம், அதிகாரிகளே மேயர். 1688இல் தொடங்கிய மாநகராட்சி என்று பெருமை பேசுகிற நகரத்தில், நூறாண்டில் வந்த பெரிய நோய்க்காலம் முழுக்க நமக்கு ஒரு கவுன்சிலர் வீட்டுக் கதவு கூட இல்லை, தட்டுவதற்கு. 2022இல் தேர்தல் நடந்தது. மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டு, பிரியா மேயரானார். 1945இல் என். சிவராஜ் உட்கார்ந்த நாற்காலி. சந்தோசம். ஆனால் நமக்குத் தேவைப்பட்ட ரெண்டு வருசமும் அந்த நாற்காலி காலியாகக் கிடந்தது.

இனி கடனுக்கு வருகிறேன். 2020 ஜூன் 1 முதல் மத்திய அரசின் பிரதமர் ஸ்வநிதி திட்டம். பெயரை நாக்கு மடங்கிச் சொல்ல நமக்கு ஆறு மாசம் ஆச்சு. பத்தாயிரம் ரூபாய், அடமானம் இல்லை, பன்னிரண்டு தவணை. ஒழுங்காகக் கட்டினால் வட்டியில் ஏழு விழுக்காடு மானியம், அடுத்து 20,000, அப்புறம் 50,000. 2025 ஆகஸ்டில் இதை 2030 மார்ச் வரை நீட்டித்து முதல் கடனை 15,000 ஆகவும் இரண்டாவதை 25,000 ஆகவும் ஆக்கியிருக்கிறார்கள். தண்டலோடு பார்த்தால் இது தேவலோகம். நூறு நாளுக்கு 1,500 கொடுத்த இடத்தில் ஒரு வருசத்துக்கு ஆயிரத்துக்கும் கீழே. வாங்க வேண்டாம் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஆனால் யோசியுங்கள். கடையை மூடச் சொன்னது அரசு. ஊருக்கு நோய் பரவக்கூடாது என்று நாம் மூடினோம். அந்த நஷ்டத்தை நாமே கடனாகச் சுமந்து மாதம் ஏறக்குறைய 900 ரூபாய் கட்டணும் என்பது என்ன நியாயம்? தின்ற கைமுதலுக்கு ஈடு கேட்டால் கடன் சீட்டு நீட்டுகிறார்கள்.

அந்தக் கடனுக்கும் 2020 மார்ச் 24க்கு முன்னாலிருந்தே தெருவில் வியாபாரம் செய்ததற்கு அப்போது ஆதாரம் கேட்டார்கள். அடையாள அட்டை இல்லாதவருக்கு மாநகராட்சி பரிந்துரைக் கடிதம் கொடுக்கலாம். ஆதாரோடு இணைத்த செல்போன் எண் வேணும். எங்கம்மாவின் ஆதாரில் இருந்தது எப்போதோ தொலைந்த ஒரு சிம்மின் எண். அதை மாற்ற மூன்று நாள் அலைந்தோம். பிறகு ஒரு அலுவலகத்தில் விண்ணப்பத்தை நிரப்பிய பையன், நல்ல பையன்தான், "என்ன வியாபாரம்மா?"ன்னு கேட்டான். "பீஃப் ஃபிரை." கை நின்னுபோச்சு. கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தான். "டிபன் கடைன்னு போட்டுக்கலாம்மா, பிரச்சினை வராது"ன்னான். எங்கம்மா, "பிரச்சினை யாருக்கு?"ன்னு கேட்டது. பதில் இல்லை. டிபன் கடை என்றே போட்டார்கள். நானும் பக்கத்தில் நின்று பேசாமல்தான் இருந்தேன். மூணு நாள் அலைந்த அசதி. இன்னைக்கு வரைக்கும் அரசாங்கக் கணக்கில் எங்கம்மா இட்லி விற்கிறது.

எங்கப்பா வாங்க மறுத்துட்டார். அந்தத் திட்டத்தின் வழிகாட்டு நெறிகளில் சேவைத்தொழில்களுக்கு உதாரணமாகச் சலூன், செருப்பு தைப்பது, வெற்றிலைக்கடை, சலவை என்று எழுதியிருக்கிறது. எழுதியவர் நினைத்து எழுதினாரோ இல்லையோ, சாதி பிரித்துக் கொடுத்த தொழில்களை வரிசையாக வைத்தது போல இருக்கிறது. நான் சந்தோசமாக, "உன் பேரே போட்டிருக்குப்பா"ன்னு படித்துக் காட்டினேன். அவர், "இந்தப் பெட்டிக்கு நான் ஏன்டா கடன் வாங்கணும்? எங்கப்பன் வச்சுட்டுப் போனான், என்னோட போகட்டும்"னார். போன கூட்டத்தில் ஒரு இளம் தோழர் இதையேதான் வேறு மாதிரி கேட்டார்: சாதித்தொழிலுக்கு உதவி கேட்பது அந்தத் தொழிலிலேயே நம்மைக் கட்டிப்போடுவதாகாதா? நல்ல கேள்வி. தொழிலை விட்டு வெளியேறத்தான் நாம் இயக்கம் நடத்துகிறோம். ஆனால் வெளியேறுவதற்கும் கையில் காசு வேணும். என் தம்பி ஐ.டி.ஐ. படித்தது அந்த மரப்பெட்டியில் வந்த காசில். ஊரடங்கில் அந்தப் பெட்டி ஆறு மாசம் மூடிக் கிடந்தபோது அவன் படிப்பை விட்டுட்டு உணவு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலைக்குப் போனான். பெட்டியை ஒழிக்கணும்னு சொல்கிற நான், பெட்டி மூடியதால் என் தம்பி படிப்பு நின்னதையும் சொல்லியாகணும். அப்பாவுக்கு நஷ்டஈடாகக் கொடுத்திருந்தால் வாங்கியிருப்பார். கடனாக வாங்க அவர் மனசு ஒப்பலை. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆக, நான் கேட்பது பெரிய கேள்வி ஒன்றும் இல்லை. அடுத்த நோய் வரும். வெள்ளமும் வரும், 2015இல் வந்தது, 2023இல் வந்தது. வந்தபிறகு பட்டியலில் பெயர் சேர்க்க ஓடினால் வேலைக்காகாது. நோய் இல்லாத இந்த நாளில், இந்த மாசத்தில் சேர்க்கணும். விற்பனைக் குழுவில் நமக்கான இடத்தில் நம்முடைய பெண்கள் உட்காரணும். கடையை மூடச் சொன்னால் மூடின நாளுக்கு ஈடு கொடு, அப்புறம் கடனைப் பற்றிப் பேசு என்று அந்தக் குழுவுக்குள்ளேயே இருந்து சொல்லணும்.

கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு நீளமான நோட்டு வைத்திருக்கிறோம். மண்டல அலுவலகத்தில் கொடுக்கப் போகிறோம். பெயர், என்ன விற்கிறீங்க, எந்த இடம், எத்தனை வருசமா என்று எழுதுங்கள். எழுதத் தெரியாதவங்க சொன்னால் பிள்ளைகள் எழுதுவார்கள். எந்த நேரத்தில் கடை போடறீங்க என்பதை விட்டுடாதீங்க. சாயங்காலம் அஞ்சு முதல் பத்து என்றால் அப்படியே எழுதுங்க. பீஃப் விற்கிறவங்க பீஃப் என்றே எழுதுங்க. முதல் பக்கத்தில் எங்கம்மா எழுதிட்டுத்தான் உட்கார்ந்திருக்கு.