கரிசல் மண்ணின் மிட்டாயும் கைபேசியின் வரைபடமும்



கரிசல் நிலத்து நிலக்கடலையும் தேனிப் பக்கத்து வெல்லமும் பாகுபதத்தில் ஒன்றுகூடி, மேலே வண்ணத் தேங்காய்ப்பூ தூவப்பெற்று, தலைமுறை தலைமுறையாகப் பிரசித்தி பெற்று விளங்கும் நம் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு என்னும் அங்கீகாரமும் கிடைத்ததை அறியாதார் இந்த வர்த்தகர் சபையில் ஒருவரும் இரார். ஆயினும், அந்தக் கௌரவம் ஊருக்கும் பண்டத்துக்கும் உரியதேயன்றி, சந்துக்குள் அடுப்பு மூட்டிப் பாகு காய்ச்சுகிற இன்ன கடைக்கு இன்ன வழியாக வாருங்கள் என்று அது எவருக்கும் சொல்வதில்லை. ஊருக்கு வந்த கியாதி தானாகவே நம் கடைவாசலை வந்தடையும் என்று நாம் வாளாவிருந்துவிட்டோம் என்பதே என் அபிப்பிராயம்.

இன்று நடப்பதென்ன? மதுரையிலிருந்து திருநெல்வேலி நோக்கி நான்குவழிச் சாலையில் விரைகிற ஒரு குடும்பத்தில், பின்னால் அமர்ந்திருக்கும் பெண் கைபேசியை எடுத்து, ‘கடலை மிட்டாய்’ என்று தமிழிலோ, ஆங்கில எழுத்தில் தோன்றியபடியோ தட்டுகிறாள். வரைபடத்தோடு முதலில் எழும் மூன்று பெயர்களுள் ஒன்றை அவள் விரல் தொட்டதும் வண்டி ஊருக்குள் திரும்புகிறது. நாலாவது கடையின் சரக்கு ருசியில் மேலானதாகவே இருக்கலாம். வாயில் போட்டால்தானே தெரியும்!

இந்த வரிசையை நிர்ணயிக்க, தேடிய பொருளுக்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், இடையிலுள்ள தூரம், கடையின் பிரபலம் ஆகிய மூன்றையும் முக்கியமாகப் பார்ப்பதாகக் கூகுள் நிறுவனமே பகிரங்கமாகச் சொல்லியிருக்கிறது. தூரத்தை மாற்ற நம்மால் ஆகாது. ஆனால், மிட்டாய்க் கடையை மளிகைக் கடை என்று பதிந்துவிட்டு, பலகையில் ஒரு பெயரும் வரைபடத்தில் வேறொரு பெயரும், மகன் எப்போதோ கைவிட்ட தொலைபேசி எண்ணுமாக விட்டுவைத்திருப்பவர், பொருத்தம் இல்லையென்று யாரை நோவது? பதிவுக்குக் கட்டணமில்லை, அந்த வரிசையில் முன்னே நிறுத்த அந்நிறுவனம் காசு வாங்குவதுமில்லை. ஆகவே, ‘முதலிடம் வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடுங்கள்’ என்று தொலைபேசியில் அழைக்கும் புண்ணியவான்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிடுங்கள்.

கடையின் பதிவில் வாடிக்கையாளர் எழுதும் அபிப்பிராயங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மழைக்காலத்தில் மிட்டாய் நமத்துப் பல்லில் ஒட்டியது என்று ஒருவர் எழுதினால், கோபம் கொள்ளாமல், காற்றுப் புகாத டப்பாவில் வைக்கும்படி அதன் கீழேயே மரியாதையாகப் பதில் எழுதலாம். அடுத்துப் படிக்கும் நூறுபேர் அந்தப் பதிலையும் படிப்பார்கள். மைத்துனனையும் மாமனையும் கொண்டு பொய்ப் புகழுரை எழுதுவிப்பதோ ஒழுங்கும் அன்று, நிலைப்பதும் அன்று; கண்டுபிடித்தால் கூகுள் நிறுவனத்தார் நீக்கிவிடுவார்கள்.

கணினியும் ஆங்கிலமும் நமக்கெதற்கு என்று முதியவர்கள் தயங்குவது எனக்குத் தெரியும். கடையின் சரியான பெயர், தெரு, திறக்கும் நேரம், வார விடுமுறை, தட்டில் அடுக்கிய சரக்கின் தெளிவான படம் ஒன்று, இவற்றைத் தமிழிலேயே சேர்க்க ஒரு பிற்பகல் போதும். எனவே, தீபாவளி வியாபாரம் சூடுபிடிப்பதற்கு முன்பாக, கல்லூரிப் பிள்ளைகள் இருவரைச் நம் வர்த்தகர் சங்கக் கட்டடத்தில் அமர்த்தி, அங்கத்தினர் ஒவ்வொருவரின் பதிவையும் சரிபார்த்துத் தர ஏற்பாடு செய்ய வேண்டும் என்ற தீர்மானத்தை முன்மொழிகிறேன். வழிமொழிபவர் கை தூக்கலாம்.