தராசும் வெட்டுப்புள்ளியும்



உயர்தரப் பரீட்சையின் வெட்டுப்புள்ளிகள் வெளியாகும்போதெல்லாம் பாமன்கடை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை இல்லங்களில் ஒரே முறையீடு எழுகின்றது. “எம் பிள்ளை கூடுதலாகப் பெற்றும் இடமில்லை; வேறு மாவட்டத்துப் பிள்ளை குறைவாகப் பெற்றும் மருத்துவபீடம் செல்கின்றது. இது நீதியா?” நியாயமான கேள்விதான். நிதானமாக நிறுத்துப் பார்ப்போம்.

இந்நாட்டில் அநீதியான தராசு ஒன்று இருந்ததுண்டு. 1971ஆம் ஆண்டு அனுமதியில், பேராதனைப் பொறியியற்பீடத்துக்கு 400 புள்ளிகளில் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 போதுமாயிருந்தது. தமிழ் மொழிமூல மாணவருக்கோ 250 தேவைப்பட்டது. தமிழில் கற்ற முஸ்லிம் பிள்ளைகளும் அதே தராசில்தான் நிறுக்கப்பட்டனர். மொழிவாரித் தரப்படுத்தல் 1977இல் கைவிடப்பட்டது. ஆயினும் அது விதைத்த கசப்பு, பின்னர் மூண்ட போரின் காரணங்களுள் ஒன்றாயிற்று.

1974இல் வந்த மாவட்டக் கோட்டாவின் நோக்கம் வேறு. இன்று பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் சனத்தொகைக்கேற்ப மாவட்டங்களுக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றது. பிள்ளையின் இனத்தையோ மொழியையோ இம்முறை கேட்பதில்லை. பௌதிகவியல் ஆசிரியரோ ஆய்வுகூடமோ இல்லாத தூரத்துப் பாடசாலைப் பிள்ளைக்கும் ஒரு வாசலைத் திறக்கவே இது முயல்கின்றது.

குறை இல்லையா? உண்டு. கொழும்பிலே ஒற்றை அறை வீட்டில், ரியூஷனுக்கு வழியின்றிப் படிக்கும் பிள்ளையை இந்தத் தராசு காண்பதில்லை. மாவட்டத்தின் வசதி வேறு, குடும்பத்தின் வசதி வேறு. இதனை ஆட்சியாளரிடமும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமும் பகிரங்கமாக எடுத்துரைப்பது நமது உரிமை.

ஆனால் அன்பர்களே! தராசைத் திருத்தக் கோருவது வேறு. படிக்கல்லை மாற்றுவது வேறு. கொழும்பிலேயே வாழ்ந்து, இங்குள்ள வகுப்புகளிலேயே கற்று, பின்தங்கிய மாவட்டமொன்றின் பாடசாலையில் பெயரை மட்டும் பதிந்து தோற்றச் செய்யும் பெற்றோர் சிலர் உள்ளனர். அவ்வாறு பெறும் இடம் அரசாங்கத்திடமிருந்து எடுத்ததன்று. மொனராகலையிலோ மன்னாரிலோ குப்பி விளக்கில் படித்த ஒரு பிள்ளையின் கையிலிருந்து பறித்தது. அளவையில் மோசடி செய்வோரை அல்குர்ஆன் வன்மையாக எச்சரிக்கின்றது. அந்த எச்சரிக்கை கடைத்தெருவோடு நின்றுவிடுவதில்லை. பொய் முகவரியில் தொடங்கும் மருத்துவக் கல்வியில் பரக்கத் எங்ஙனம் உண்டாகும்?

ஆகவே பெற்றோர்களே, பிள்ளைக்குப் பொய்யை முதற்பாடமாக்காதீர். இளைஞர்களே, ஒரு வெட்டுப்புள்ளி உங்கள் ரிஸ்கைத் தீர்மானிப்பதில்லை. தொழில்நுட்பக் கல்லூரி, கணக்கியல், தாதியியல் எனப் பாதைகள் பல. வசதியுள்ளோரே, அயல்வீட்டு ஏழைப் பிள்ளையின் வகுப்புக் கட்டணத்தை ஸதகாவாக ஏற்றுக்கொள்ளுங்கள். தராசு காணத் தவறிய பிள்ளையை மஹல்லா காணட்டும்.

நீதியாக நிறுப்போராக நம் அனைவரையும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.