பிடித்த சட்டை, பிடித்த பை: பார்த்துத் தைக்கும் முறை

(மீள்குடியேறிய குடும்பங்களுக்காக, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டுத்திட்டம், காணிப் பத்திரம், கிணறு இறைப்பு என்று கதைக்க எவ்வளவோ இருக்கும்போது சட்டையும் பையும் என்ன பெரிய விசயம் என்று நீங்கள் நினைக்கலாம். முகாமில் இருந்த காலத்தை யோசித்துப் பாருங்கள். கிடைத்ததெல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. சின்னவளுக்கும் பெரியவளுக்கும் ஒரே சட்டை. பள்ளிக்கூடப் பையிலே கொடுத்த நிறுவனத்தின் சின்னம் பெரிதாக இருக்கும். எங்கள் சின்னம் போட்ட பையும் அதில் அடக்கம். சின்னம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது என் உத்தியோகத்தில் ஒரு வேலை. தேவையான நேரத்தில் அந்தப் பை உதவியது. ஆனால் ஊருக்குத் திரும்பி வந்தபிறகும் பிள்ளை ஏன் அதையே சுமக்கவேண்டும்? தனக்குப் பிடித்ததை அவள் கேட்கிறாள் என்றால் அது அடம்பிடிப்பு இல்லை. பல வருசம் தெரிவு செய்யவே வழியில்லாமல் இருந்த பிள்ளை அது.

நான் தொழில்முறைத் தையற்காரி இல்லை. இங்கே சொல்பவற்றை எங்கள் தையல் ஆசிரியையோடு இருந்து, ஒவ்வொன்றாகச் செய்துபார்த்து எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். கையால் செய்துகாட்டப்போவது அவர்தான்.

முதலில் சாறிச் சட்டை. சிலர் ஜக்கெற் என்பீர்கள். முன்பள்ளி ஆசிரியை, அலுவலகத்தில் வேலை செய்பவர் என்று பலருக்கு வேலைக்குப் போகச் சாறி வேண்டும். சாறி இரவல் வாங்கலாம். சட்டை இரவல் வாங்கினால் தோள் பொருந்தாது. உங்களில் பலரிடம் இத்தனை இடப்பெயர்விலும் கூடவே வந்த ஒரு சட்டை இருக்கும். நிறம் மங்கியிருக்கும், கைக்குழி நைந்திருக்கும், ஆனால் உடம்பில் சரியாக இருக்கும் ஒரே சட்டை அதுதான். அதைப் பிரித்து அளவெடுக்கவேண்டாம். பிரித்தபிறகு வெட்டிய புதுத் துணி பிழைத்துப்போனால் இரண்டும் இல்லாமல் போய்விடும். பிரிக்காமலே அளவெடுக்கலாம்.

ஒரு பாயை விரித்து, அதன்மேல் மூன்று நான்கு பழைய பேப்பரைப் போடுங்கள். பாய் வேண்டும், குண்டூசி இறங்க இடம் இருக்கவேண்டும் அல்லவா? சட்டையை மறுபக்கம் திருப்பி, முதுகு நடுவால் சரி பாதியாக மடித்து, கையால் நீவிச் சமப்படுத்துங்கள். பிறகு தோள் தையல், கைக்குழி, பக்கத் தையல், கீழ் ஓரம், கழுத்து என்று ஒவ்வொரு தையலின் மேலும் அரை அங்குலத்துக்கு ஒன்றாகக் குண்டூசியைக் குத்தி எடுங்கள். சட்டையைத் தூக்கினால் பேப்பரில் துளைகள் வரிசையாக இருக்கும். துளைகளைப் பென்சிலால் இணைத்தால் முதுகுத் துண்டு வந்துவிட்டது.

முன்பக்கம் அவ்வளவு இலேசில்லை. மார்புக்கு வைத்த டாட் பிடிப்புகளால் துணி தட்டையாகப் படுக்காது. அழுத்திப் படுக்கவைத்து வரைந்தால் சட்டை சின்னதாகிவிடும். ஆகவே டாட்டுக்கு அந்தப் பக்கத்தை ஒருதரம், இந்தப் பக்கத்தை ஒருதரம் என்று இரண்டாகப் பிரித்து வரையவேண்டும். டாட் எவ்வளவு நீளம், உள்ளே எவ்வளவு துணி மடிந்திருக்கிறது என்று உட்பக்கம் பார்த்து அளந்து, அந்த அகலத்தைப் பேப்பரில் சேர்த்துவிடுங்கள். புதிதாகத் தைப்பவர்கள் அதிகம் துணி வீணாக்குவது இந்த இடத்தில்தான்.

கைத் துண்டில் இன்னொரு கவனம். கையின் மேல் வளைவு முன்னுக்கும் பின்னுக்கும் ஒன்றுபோல் இருக்காது, முன்பக்கம் கொஞ்சம் கூடுதலாகக் குழிந்திருக்கும். பேப்பரில் "முன்", "பின்" என்று எழுதிவைக்காவிட்டால் வெட்டியபிறகு மாறிப்போகும். கை மாறித் தைத்த சட்டையைப் போட்டவருக்கு கையை முன்னுக்கு நீட்டும்போது முதுகு பிடித்து இழுக்கும்.

வரைந்த கோடு தையல் விழும் கோடு. அதற்கு வெளியே அரை அங்குலம் விட்டு வெட்டுங்கள். பக்கத் தையலில் மட்டும் ஒரு அங்குலம் விடுங்கள். முகாமில் மெலிந்தவர்கள் இப்போது தேறி வருகிறீர்கள். அடுத்த வருசம் பிரித்துப் பெருப்பிக்க அது உதவும். அதே காரணத்துக்காக, பழைய சட்டை சொல்லும் அளவை அப்படியே நம்பவும் கூடாது. மார்பையும் இடுப்பையும் நாடாவால் ஒருமுறை அளந்து ஒப்பிடுங்கள். பழைய சட்டையின் கழுத்து இழுபட்டு அகன்றிருக்கும், அதையும் கவனியுங்கள்.

பிடித்த வடிவம் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். தொலைக்காட்சி நாடகத்தில் பார்த்த கழுத்து, கலியாண வீட்டில் பார்த்த கை, புடவைக்கடைப் பொம்மையில் பார்த்த பட்டி, எல்லாம் எடுக்கலாம். ஒரு சட்டைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். பொருத்தத்துக்கு உங்கள் பழைய சட்டை. புதிதாகக் கழுத்து மட்டும், அல்லது கை மட்டும். மூன்றையும் ஒரேதரம் மாற்றினால் எது பிழைத்தது என்று கண்டுபிடிக்கமுடியாது. தோள்பக்கம் அகன்ற கழுத்து வைத்தால் தோளில் நிற்கும் துணி குறையும், வழுக்கும். அந்தச் சட்டைக்குப் பின்கழுத்தை ஆழமாக வெட்டாதீர்கள். இரண்டுமே வேண்டும் என்றால் பின்னால் ஒரு கயிறு கட்டித்தான் ஆகவேண்டும்.

பருத்தித் துணியை வெட்ட முதல் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துக் காயவிடுங்கள். சுருங்குவது முதலே சுருங்கட்டும். சாயம் போகுமா என்பதும் தெரிந்துவிடும். கரை ஓடும் பக்கம் துணியின் நீளப்பக்கம், அது சட்டையின் நீளத்துக்கு வரவேண்டும். முதற்சட்டையைப் பழைய படுக்கை விரிப்பில் வெட்டி, கைநூலால் ஓட்டிப் போட்டுப்பாருங்கள். அரை நாள் வேலைதான், புதுத் துணி தப்பும்.

இனிப் பை. பிள்ளைக்குச் சீருடைத் துணியும் பாடப்புத்தகமும் அரசாங்கத்தால் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்தப் புத்தகங்கள் ஐப்பசி, கார்த்திகை மழையில் நனையாமல் வீடு வந்துசேரவேண்டும். கிறவல் றோட்டில் சைக்கிளில் வரும் பிள்ளைக்கு முதுகில் போடும் பைதான் வசதி.

கிழிந்துபோன பழைய பை இருந்தால் அதுதான் நல்ல ஆசிரியர். சட்டையைப் பிரிக்காதீர்கள் என்றேன், இதைப் பிரியுங்கள். ஆனால் பாதியை மட்டும். ஒரு வாரையும் ஒரு பக்கத்தையும் பிரித்து அளவெடுங்கள், மற்றப் பாதி எது முதலில் தைத்தது, எது பிறகு என்று காட்டுவதற்கு அப்படியே இருக்கட்டும். கடையில் தொங்கும் பை என்றால் எத்தனை துண்டு என்று எண்ணிப் பாருங்கள். முன், பின், சுற்றி வரும் பட்டி, மூடி, இரண்டு வார். எவ்வளவு ஆடம்பரமான பை என்றாலும் அடிப்படை இதுதான், மிச்சம் பொக்கற்றுகள்.

30 சென்ரிமீற்றர் அகலம், 40 உயரம், 12 தடிப்பு உள்ள பை ஒன்றை எடுத்துக்கொள்வோம். சுற்றிவரத் தையலுக்கு ஒவ்வொரு சென்ரிமீற்றர் விட்டால் முன்னும் பின்னும் 32க்கு 42. இரண்டு பக்கமும் அடியும் சேர்ந்து வரும் பட்டி 40, 30, 40 கூட்டினால் 110. தையலோடு 112 நீளம், 14 அகலம். இந்தப் பட்டியை ஒட்டுப்போடாமல் ஒரே துண்டாக வெட்டினால் அடி கிழியாது. வாய்க்குச் சிப் வைப்பதா மூடி வைப்பதா என்று கேட்டால் நான் மூடியைத்தான் சொல்வேன். பையில் முதலில் பழுதாவது சிப். மூடி முன்னுக்கு நன்றாக இறங்கி வந்தால் மழையும் உள்ளே போகாது. பிள்ளை சிப்தான் வேண்டும் என்று நின்றால், சிப் வைத்து அதன்மேல் ஒரு மடிப்பு விடுங்கள்.

பாரம் முழுக்கத் தொங்குவது வாரின் மேல்முனையில். அங்கே ஒரு கோடு தைத்து விடாமல், சதுரமாகத் தைத்து, மூலைக்கு மூலை பெருக்கல் குறிபோல இரண்டு கோடு போடுங்கள். உட்பக்கம் இன்னொரு துண்டுத் துணி வைத்துச் சேர்த்துத் தையுங்கள். தோளில் படும் இடம் நான்கு விரல் அகலம் இருக்கட்டும். உள்ளே பழைய துவாயை மடித்து வைத்தால் தோள் நோகாது.

துணிக்கு என்ன செய்வது? பலரிடம் பழைய தறப்பாள் இருக்கும். கூரை வேலை முடியும்வரை அதில் கத்தரிக்கோல் வைக்காதீர்கள், இது கட்டாயம். முடிந்தபிறகும் வெயிலில் கிடந்த தறப்பாள் எல்லாம் உதவாது. மடித்து நகத்தால் கீறுங்கள். வெள்ளைத் தூள் கொட்டினாலோ மடிப்பில் வெடித்தாலோ அதை விட்டுவிடுங்கள். நல்ல தறப்பாளில் குண்டூசி குத்தக்கூடாது, துளை மூடாது, அதால் தண்ணீர் போகும். உடுப்புக் காயப்போடும் கிளிப்பால் பிடியுங்கள். மெசினில் 16ஆம் இலக்க ஊசி, நீளமான தையல். நெருக்கித் தைத்தால் முத்திரை கிழிகிறமாதிரிக் கோட்டோடு கிழியும். பாதம் ஒட்டிப்பிடித்து நகராவிட்டால் மேலே மெல்லிய கடதாசி வைத்துத் தைத்துவிட்டுப் பிறகு கிழித்தெடுங்கள். மெசின் இல்லாதவர்கள் தடித்த ஊசியில் பொலியெஸ்ரர் நூல் கோர்த்து, நூலில் மெழுகுதிரி தேய்த்து, ஒவ்வொரு தையலையும் பின்னுக்கு வந்து போடுங்கள். நேரம் போகும், ஆனால் பலம் குறையாது. அரிசிச் சாக்கும் வெளித்துணியாகும். கிருமிநாசினி வந்த சாக்கையும் பையையும் எவ்வளவு கழுவினாலும் பிள்ளையின் பொருளுக்குப் பாவிக்கவேண்டாம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கேளுங்கள். வார் தைக்கத் தடித்த நைலோன் பட்டி தேடும்போது, பற்றைக்குள்ளும் கைவிட்ட வீடுகளிலும் பழைய பை, பெல்ற், தறப்பாள், துணிமூட்டை கிடப்பது கண்ணில் படும். பட்டி பலமாக, கொழுக்கி வடிவாக இருக்கும். எடுக்கவேண்டாம். தூக்கவும் வேண்டாம், தடியால் கிளறவும் வேண்டாம். அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இல்லை என்பதற்காக அந்த இடம் துப்புரவான இடம் ஆகாது. வந்த வழியாலேயே திரும்பி வந்து கிராம அலுவலரிடமோ பொலிசிடமோ மிதிவெடி அகற்றும் குழுவிடமோ சொல்லுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள், "அம்மாவுக்குப் பட்டி" என்று அவர்கள் எடுத்துக்கொண்டு வரக்கூடும். நைலோன் பட்டி கடையில் மீற்றர் கணக்கில் விற்கிறார்கள். பழைய வாகனம் உடைக்கும் இடத்தில் இருக்கைப் பட்டி கேட்டுப்பாருங்கள், அதைவிடப் பலமான வார் இல்லை.

தைத்துப் பழகியபின் விற்கலாமா என்று கேட்பவர்களுக்கு இரண்டு விசயம். வடிவத்தைப் பார்த்து உங்கள் விதத்தில் தைப்பது வேறு, பெரிய நிறுவனத்தின் பெயரையும் சின்னத்தையும் ஒட்டி விற்பது வேறு. சந்தையில் அந்தச் சின்னங்கள் தனியாகவும் கிடைக்கும், வாங்கித் தைக்காதீர்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அது குற்றம். அந்த இடத்தில் பிள்ளையின் பெயரின் முதலெழுத்தை நூலால் பின்னிக் கொடுங்கள். கடையில் அது கிடைக்காது.

மற்றது கடன். "தையல் மெசின் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம்" என்று சொல்லி வாராவாரம் கட்டும் கடனுக்கு மெசின் எடுக்கச் சொல்வார்கள். ஒரே ஒழுங்கையில் ஆறு வீட்டில் மெசின் இருந்தால் யார் யாருக்குத் தைப்பது? முதல் பத்துப் பையைச் சங்கத்தின் மெசினிலோ கையாலோ தைத்து விற்றுப்பாருங்கள். துணி, நூல், பட்டி, பஸ் காசு எல்லாம் எழுதிவையுங்கள். உங்கள் நேரத்தையும் எழுதுங்கள், அதைத்தான் யாரும் எழுதுவதில்லை. பத்தும் விற்று, பதினோராவதை ஆள் வந்து கேட்டால் அப்போது மெசின் பற்றி யோசிக்கலாம். ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளைகள் இங்கே இருக்கிறீர்கள். அங்கே நாள் முழுக்கக் கைமட்டும், அல்லது கொலர்மட்டும் தைப்பீர்கள். முழுச் சட்டை தைத்திருக்கமாட்டீர்கள். ஆனால் உங்கள் கோடு நேராக இருக்கும், வேகமும் உண்டு. வெட்டத் தெரிந்த அம்மா ஒருவரோடு சேர்ந்தால் இரண்டு பேருக்கும் நல்லது.

சங்கத்தின் இரண்டு மெசினும் மண்டபத்தின் பின்னறையில் இருக்கின்றன. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆசிரியை வருவார். சட்டைக்கு வருபவர்கள் உங்களுக்குப் பொருந்திய பழைய சட்டை ஒன்று, பழைய பேப்பர், குண்டூசி, பென்சில் கொண்டுவாருங்கள். பைக்கு வருபவர்கள் கிழிந்த பை இருந்தால் அதையும், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். வாரின் நீளம் பிள்ளையின் முதுகில் வைத்துத்தான் பார்க்கவேண்டும், நிறமும் அவளே சொல்லட்டும்.