மறுகால்: ஒரு சொல்லும் வெள்ள எச்சரிக்கையும்



2021 டிசம்பரில் இந்த ஷா ஆலம் நகரின் தாமான் ஸ்ரீ மூடா நீரில் மூழ்கியதை நாம் மறந்துவிடவில்லை. அது பெருமழையால் நேர்ந்த வெள்ளம். அணையிலிருந்து திறந்துவிடப்படும் உபரிநீரால் வரும் வெள்ளமும் உண்டு. அதன் அளவையும் நேரத்தையும் மதகைத் திறப்பவர் முன்னரே அறிவார். அந்த அறிவு கரையோர மக்களை எந்தச் சொற்களில் சென்றடைகிறது என்பதே இன்றைய உரையின் பொருள்.

நம் முன்னோர் பாசனத்திற்கு நீர் விடும் வாயிலை மதகு என்றனர். ஏரி நிறைந்தபின் மிகுநீர் வழிந்தோடும் அமைப்பைக் கலிங்கு என்றனர். நெல்லை வட்டாரத்தில் மிகுநீர் செல்லும் வழிக்கு மறுகால் என்று பெயர். வாய்க்கால் என்பதில் உள்ள 'கால்' இதிலும் உள்ளது. 'மறு' என்பது மற்றொன்று என்னும் பொருளது. மறுகால்தலை, மறுகால்குறிச்சி என ஊர்ப்பெயர்களிலும் இச்சொல் வாழ்கிறது. குளம் மறுகால் பாய்கிறது என்று கேட்ட உழவர், நீர் எவ்வழியே வரும், எவர் வயலைத் தொடும் என்பதை உடனே உணர்ந்தார்.

இன்றைய அறிவிப்பைப் பாருங்கள். சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. முன்கூட்டியே நீரைத் திறந்தபின் மழை பொய்த்தால் கோடையில் நகரம் தவிக்கும். காத்திருந்து திறந்தால் ஒரே நேரத்தில் பெருமளவு திறக்க நேரும். 2015 டிசம்பர் 1 அன்று அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்டது. அஃதாவது, விநாடிக்கு ஏறத்தாழ 8 இலட்சம் லிட்டர். பொறியாளருக்கு இவ்வெண் துல்லியமானது. சைதாப்பேட்டையில் ஆற்றோரம் வாழும் மூதாட்டிக்கோ, தம் வாசற்படியை நீர் எப்போது எட்டும் என்பதை அது உணர்த்தாது.

நம் நாட்டிலும் 2013 அக்டோபர் 23 அன்று, கேமரன் மலையில் ரிங்லெட்டின் சுல்தான் அபு பக்கார் அணை நள்ளிரவு கடந்த வேளையில் திறக்கப்பட்டபோது, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்களும் வீடுகளும் பறிபோயின. பல மொழியினரும் அயல்நாட்டுத் தொழிலாளரும் வாழும் மலைப்பகுதி அது. அத்தகைய இடத்தில் அபாயச் சங்கு உறங்குவோரை எழுப்பலாம். எப்பக்கம் ஓட வேண்டும் என்பதை மொழிதான் சொல்ல வேண்டும்.

ஆகவே, எச்சரிக்கையில் நான்கு செய்திகள் இன்றியமையாதவை: எந்த ஆறு, எந்தக் குடியிருப்பு, எத்தனை மணிக்குள், எந்த மேட்டுக்கு. கன அடி அதன்பின் வரட்டும். அங்கு வாழ்வோர் பேசும் மொழிகள் அனைத்திலும் அவ்வறிவிப்பு ஒலிக்கட்டும்.

ஆசிரியர்களே, வெள்ள எச்சரிக்கை ஒன்றை வகுப்பிற்குக் கொண்டுசென்று, தம் பாட்டிக்கு விளங்குமாறு அதை எழுதித்தர மாணவரைப் பணியுங்கள். அது நல்லதொரு மொழிப்பயிற்சி. ஒருநாள் ஓர் உயிரையும் காக்கக்கூடும்.